ஆய்வேட்டிலிருந்து இன்வாய்ஸ் வரை: கல்லூரித் தொழில்துறைத் தொடர்புப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு

கல்லூரியில் தொழில்துறைத் தொடர்புப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா? முதல் கூட்டத்திலேயே "இந்த வருஷம் எத்தனை எம்ஓயு?" என்று கேட்பார்கள், நிறுவனங்களோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையைத் துரத்தினால் வருஷக் கடைசியில் மிஞ்சுவது சால்வை போர்த்திய போட்டோக்கள்தான். இங்கே சொல்லப்போவது வேறு கணக்கு. உங்கள் கல்லூரியின் ஆய்வுத் தரவைப் பிரித்துப் பார்த்து, பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் ஒரே ஒரு குறையோடு அதைப் பொருத்தி, அவர்கள் பணம் கொடுத்து வாங்கும் வேலையாக மாற்ற வேண்டும். எடுத்துக்காட்டுக்குக் கோவை வட்டாரத்து ஃபவுண்டரி (உலோகத்தை உருக்கி வார்க்கும் பட்டறை), பம்ப் தொழிலை வைத்துக்கொள்வோம். திருப்பூர் சாயப் பட்டறைக்கும் ஓசூர் உதிரிபாகத் தொழிலுக்கும் வழிமுறை இதேதான், தேடும்போது போடும் தொழில் வகைக் குறியீடுகள்தான் மாறும்.

தேடலுக்குக் காசு செலவில்லை. ஒரு ஆளின் மூன்று வாரம் போகும். முதல் இன்வாய்ஸ் போடுவதற்கு ஐந்து மாதமாவது ஆகும் என்று நிர்வாகத்திடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

1. பெயர்களைச் சுத்தம் செய்யுங்கள்

ஓப்பன்அலெக்ஸ், லென்ஸ் ஆகிய இரண்டு தளங்களிலும் உங்கள் கல்லூரியின் கட்டுரைகளை இலவசமாகத் தேடி எக்செலில் இறக்கலாம். இறக்கியதை அப்படியே நம்பாதீர்கள். மூன்று இடங்களில் கட்டாயம் பிழை இருக்கும்.

முதலாவது இனிஷியல். நம் ஊர்ப் பெயரையோ இனிஷியலையோ மேல்நாட்டுத் தரவுத்தளங்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்கின்றன. "எஸ். குமார்" ஓரிடத்திலும் "குமார் எஸ்." இன்னோரிடத்திலும் இருப்பார். நாலு பேருடைய கட்டுரைகள் ஒருவர் தலையில் ஏறியிருக்கும். ஆர்கிட் என்ற ஆய்வாளர் அடையாள எண் உள்ளவருக்குச் சிக்கல் குறைவு. இல்லாதவரைப் பத்து நிமிடத்தில் பதிவு செய்ய வையுங்கள், கட்டணம் கிடையாது.

இரண்டாவது கல்லூரிப் பெயர். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பலர் கட்டுரையில் பல்கலைக்கழகப் பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கட்டுரை உங்கள் கணக்கில் வராது. ஒரே அறக்கட்டளையின் பொறியியல் கல்லூரியும் கலைக் கல்லூரியும் கலந்து கிடப்பதும் உண்டு. உலக அளவில் ஒவ்வொரு ஆய்வு நிறுவனத்துக்கும் ஆர்ஓஆர் என்ற அடையாள எண் இருக்கிறது. உங்கள் கல்லூரிக்கு அது இருக்கிறதா, எழுத்துக்கூட்டல் சரியா என்று பாருங்கள். இல்லையென்றால் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம்.

மூன்றாவது ஊர்ப் பெயர். திருச்சி, திருச்சிராப்பள்ளி, டிரிச்சி மூன்றும் மூன்று ஊராகப் பதிவாகியிருக்கும். தூத்துக்குடிக்கும் இதே கதை. பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று தோன்றும். ஆனால் 641 என்று தொடங்குவதெல்லாம் கோவை இல்லை, திருப்பூரின் 641601 முதலானவையும் அதில் அடக்கம். பொள்ளாச்சியோ 642. ஆறு இலக்கத்தையும் பாருங்கள்.

சுத்தம் செய்த பட்டியலில் கட்டுரை எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை போதும். அதைவிட முக்கியமான நெடுவரிசை ஒன்று உண்டு: "கூட்டாசிரியரில் யாராவது கம்பெனி முகவரி போட்டிருக்கிறாரா?" நூறு கட்டுரை எழுதிய பேராசிரியரை விட, உள்ளூர்க் கம்பெனி ஆளோடு இரண்டு கட்டுரை எழுதியவர் உங்களுக்குப் பயன்படுவார். அவருக்குப் பட்டறை வாசல் ஏற்கெனவே பழக்கம்.

2. கட்டுரையை விட ஆய்வேட்டைப் புரட்டுங்கள்

இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா தளத்தில் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கின்றன. கட்டுரையில் எட்டுப் பக்கத்தில் சுருக்கியது, ஆய்வேட்டில் இருநூறு பக்கத்துக்கு விரிந்திருக்கும். சோதனை அமைப்பைச் சொல்லும் அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள், பெரும்பாலும் மூன்றாவது. எந்தக் கருவி, என்ன மாடல், எத்தனை மாதிரி, எங்கே சோதித்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பின்னிணைப்பில் மூல அளவீடுகளே கிடைப்பதுண்டு.

படித்த கையோடு ஆய்வகத்துக்கு நடந்து போய் அந்தக் கருவி ஓடுகிறதா என்று பாருங்கள். ஆய்வேட்டில் பளபளப்பாக இருக்கும் கருவி, பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து துணி மூடிக் கிடக்கலாம். கடைசிக் காலிபரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்ற சரிபார்ப்பு) சான்றிதழின் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது காலாவதியாகியிருந்தால் உங்கள் அளவீட்டைப் பட்டறைக்காரர் தன் வாடிக்கையாளரிடம் காட்ட முடியாது. என்ஏபிஎல் (சோதனை ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற சோதனைதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், அந்தப் பகுதியை மட்டும் கோவையின் சிட்டார்க் மாதிரி சோதனை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் நாமே செய்வோம் என்று அடம்பிடிக்க வேண்டாம். இல்லாத கருவி எந்த நிறுவனத்தில் இருக்கிறது, வாடகை என்ன என்பதை ஐ-ஸ்டெம் தளத்தில் தேடலாம்.

3. காப்புரிமைப் பட்டியலில் நிலையைப் பாருங்கள்

"எங்கள் கல்லூரிக்கு 60 காப்புரிமை" என்று சொல்வார்கள். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் ஒவ்வொன்றையும் விண்ணப்ப எண் போட்டுப் பாருங்கள். எண்ணில் முதல் நான்கு இலக்கம் ஆண்டு. ஐந்தாவது இலக்கம் 4 என்றால் சென்னை அலுவலகம். ஆசிரியர்கள் சொந்தப் பெயரில் போட்டிருப்பதும் உண்டு என்பதால் கண்டுபிடிப்பாளர் பெயரிலும் தேட வேண்டும்.

"வெளியிடப்பட்டது" என்றால் விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வந்துவிட்டது, அவ்வளவுதான். விண்ணப்பித்து 18 மாதம் ஆனால் எதுவும் வெளியாகும். பரிசோதனைக்குப் படிவம் 18 கொடுக்கவில்லையென்றால் அது அங்கேயே செத்துவிடும். முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதன்முதலில் விண்ணப்பித்த தேதி) 31 மாதம்தான் அவகாசம், 2024 மார்ச்சுக்கு முன் இது 48 ஆக இருந்தது. முதல் பரிசோதனை அறிக்கைக்கு ஆறு மாதத்துக்குள் பதில் போகாமல் கைவிடப்பட்டவையும் நிறைய இருக்கும். பட்டியலில் பிரிட்டன் வடிவமைப்புப் பதிவுகள் கலந்திருந்தால் நீக்கிவிடுங்கள். அங்கே புதுமை உண்டா என்று பரிசோதிக்காமலே பதிவு செய்துகொடுப்பார்கள், அது காப்புரிமை ஆகாது.

வடிகட்டியபின் ஐந்தாறு மிஞ்சினால் நல்ல கல்லூரி. பட்டறைக்காரரிடம் அந்த ஐந்தாறைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவருடைய ஆடிட்டர் அரை மணி நேரத்தில் மீதியைக் கண்டுபிடித்துவிடுவார்.

தேடும்போது காப்புரிமைகளின் தொழில்நுட்ப வகைக் குறியீடுகளையும் பயன்படுத்துங்கள். மையவிலக்கு பம்ப் எஃப்04டி, வார்ப்பு பி22டி, வார்ப்பு அச்சு பி22சி, சாயமிடல் டி06பி, கழிவுநீர் சுத்திகரிப்பு சி02எஃப்.

4. வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்

மத்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மாவட்ட வாரியாகக் கிடைக்கிறது. தொழில் வகை என்ஐசி (தேசியத் தொழில் வகைப்பாடு) குறியீட்டில் இருக்கும். உற்பத்தி என்பது 10 முதல் 33 வரையிலான பிரிவுகள். மொத்த, சில்லறை வணிகர்களும் உத்யம் பதிவு வைத்திருப்பதால் இந்த வடிகட்டல் இல்லாமல் எண்ணினால் மளிகைக் கடையும் கணக்கில் வரும். இரும்பு, எஃகு வார்ப்பு 2431. பம்ப், கம்ப்ரசர், வால்வு 2813. துணிக்குச் சாயம், ஃபினிஷிங் 1313. ஒரே நிறுவனம் ஐந்து குறியீடு போட்டிருக்கும், அதனால் குறியீடுகளைக் கூட்டி நிறுவன எண்ணிக்கை என்று எழுதிவிடாதீர்கள்.

இந்தப் பட்டியலோடு மாவட்டத் தொழில் மையத்துக்கும், தொழில் சங்கத்துக்கும் போங்கள். கோவையில் கொடிசியா, ஃபவுண்டரி என்றால் இந்திய வார்ப்படத்தார் நிறுவனத்தின் கோவைக் கிளை, பம்ப் என்றால் சீமா. சீமா வேறு, மில்காரர்களின் சைமா வேறு. கடிதத்தில் மாற்றி எழுதினால் அங்கேயே உங்கள் வெளியூர்த்தனம் தெரிந்துவிடும்.

5. முதல் சந்திப்பு: ரிஜெக்‌ஷன் நோட்டைக் கேளுங்கள்

பவர்பாயின்ட் வேண்டாம். ஒரு பக்கத் தாள் போதும்: எந்தக் குறையைப் பார்க்க முடியும், யார் பார்ப்பார், எந்தக் கருவி, எத்தனை நாள். மிச்ச நேரமெல்லாம் அவர் பேசட்டும்.

ஃபவுண்டரியில் அடிக்கடி கேட்கும் புகார், "மழைக்காலத்துல ரிஜெக்‌ஷன் ஏறுதுங்க." உடனே தீர்வு சொல்லக் கிளம்பாதீர்கள். குறை வந்து கழித்த வார்ப்படங்களைக் குறித்துவைக்கும் ரிஜெக்‌ஷன் நோட்டை வாங்கிப் பாருங்கள். தேதி, அயிட்டம், எண்ணிக்கை, காரணம் என்று நாலு கட்டம் இருக்கும். காரணக் கட்டத்தில் முக்கால்வாசி இடத்தில் "ஹோல்" என்று ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வெவ்வேறு குறை ஒளிந்திருக்கிறது. வாயு ஊதிய துளையின் உட்சுவர் வழவழப்பாக உருண்டிருக்கும். உலோகம் சுருங்கி வந்த குழியின் உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும், தடித்த பாகங்கள் சேரும் இடத்தில் வரும். மணல் உதிர்ந்து விழுந்த குழியில் மணல் துகள் ஒட்டியிருக்கும். முதலாவதற்கு மணலின் ஈரத்தையும் கோரின் (வார்ப்படத்தின் உட்குழிவுக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் உரு) ஈரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ரைசர் (சுருங்கும் இடத்துக்கு உருகிய உலோகத்தை ஊட்டும் தேக்கம்) வடிவமைப்பு. மூன்றாவதற்கு அச்சின் இறுக்கம். பிரிக்காமல் எழுதிய நோட்டை எத்தனை வருஷத்துக்கு வைத்து அலசினாலும் ஒன்றும் வராது. மழை ஈரத்தால் ஏறியது முதல் வகை மட்டுமாகவும் இருக்கலாம்.

எனவே முதல் வேலை நோட்டை மாற்றுவது. ஒரு ஷிஃப்டுக்கு ஒரு வரி. தேதி, ஷிஃப்ட், ஹீட் எண் (எத்தனையாவது உருக்கு), பேட்டர்ன் (அச்செடுக்கும் மாதிரி உரு), ஊற்றிய அச்சு எண்ணிக்கை, மூன்று வகை ரிஜெக்‌ஷனுக்கும் தனித்தனிக் கட்டம், மணல் ஈரம், மணலின் ஊடுருவு திறன், ஊற்றும் வெப்பநிலை. கிரீன் சாண்டில் (களிமண்ணும் நீரும் கலந்த அச்சு மணல்) ஈரம் 3 முதல் 4 சதவீதம் இருப்பது வழக்கம். வெப்பநிலையை முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். லேடிலில் (உருகிய உலோகத்தை ஊற்றும் வாளி) காத்திருக்கும்போதே சூடு இறங்கிவிடும், காலையில் எடுத்த ஒரே அளவை நாள் முழுக்க எழுதிவைப்பது நடைமுறையில் சகஜம். தாளைத் தமிழில் அச்சடியுங்கள், கட்டங்கள் பெரிதாக இருக்கட்டும். எழுதப்போவது மணல் படிந்த கையோடு வரும் சூப்பர்வைசர்.

இரண்டு ஷிஃப்ட், மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 50 வரி. எதையும் மாற்றாமல் ஆறு வாரம் எழுதுங்கள், மாற்றியபின் ஆறு வாரம் எழுதுங்கள். முடிந்தால் ஒரு மோல்டிங் லைனில் மட்டும் மாற்றம் செய்து மற்றதைப் பழையபடியே விடுங்கள். இல்லாவிட்டால் "மழை நின்னுது, அதான் குறைஞ்சுது" என்று ஒரே வரியில் உங்கள் மூன்று மாத வேலையை முடித்துவிடுவார்கள். அதில் நியாயமும் இருக்கும்.

லாபக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ரிஜெக்ட் ஆன வார்ப்படத்தின் விற்பனை விலையை முழு நஷ்டமாகக் காட்டாதீர்கள், முதலாளி சிரிப்பார். அந்த இரும்பு மறுபடி ஃபர்னஸுக்குத்தான் போகிறது. உண்மையில் போனது மின்சாரம், மணல், பைண்டர், கூலி, ஃபர்னஸ் நேரம். ஒரு டன் இரும்பை இண்டக்‌ஷன் ஃபர்னஸில் உருக்க ஏறக்குறைய 550 முதல் 650 யூனிட் ஆகும். அவருடைய மின்கட்டண பில்லை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுங்கள். மெஷினிங் முடிந்தபின் துளை தெரிந்தால் மெஷின் நேரமும் சேரும். அதற்குத் தனிக் கட்டம் போட்டால் பெரிய தொகை அங்கேதான் இருப்பது தெரியும்.

6. காலண்டர்

இதைக் கவனிக்காமல் கெட்ட திட்டங்கள் அதிகம். மாணவர்களின் இறுதிப் பருவ ப்ராஜெக்ட் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பம்ப் தொழிலுக்கும் அதைச் சார்ந்த ஃபவுண்டரிக்கும் அதுதான் சீசன், கோடை விற்பனைக்கு இரவு பகலாக ஓடும். அப்போது போய் "ட்ரையல் எடுக்கணும்" என்றால் ஃபர்னஸில் இடம் கிடைக்காது, வாசலில் டீயோடு திருப்பி அனுப்புவார்கள். மே, ஜூனில் பேச்சு, ஜூலையில் நோட்டு மாற்றம், ஆகஸ்ட் முதல் அளவீடு என்று ஏழாம் பருவத்திலேயே தொடங்குங்கள். ஈரப் பிரச்சினை என்றால் அக்டோபர், நவம்பர் மழையை விட்டுவிட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களை அட்டவணையில் முதலிலேயே அடித்துவிடுங்கள்.

7. கோட்டேஷன், வரி

கன்சல்டன்சிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கல்வி நிறுவனம் என்பதால் விலக்கு என்று நினைத்து ரசீது போட்டால் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டிவரும். 2024 அக்டோபர் 10 முதல், வருமான வரிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட ஆய்வு நிறுவனங்கள் மானியத்தில் செய்யும் ஆய்வுப் பணிக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. அது எல்லாக் கல்லூரிக்கும் பொருந்தாது. கட்டணம் வாங்கிச் செய்யும் ஆலோசனைக்கும் பொருந்தாது. எதில் அடங்குகிறீர்கள் என்று ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

மாதிரிக்கு: பணிக்கட்டணம் 80,000 ரூபாய். ஜிஎஸ்டி 14,400. இன்வாய்ஸ் 94,400. நிறுவனம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பது ஜிஎஸ்டி இல்லாத 80,000-க்கு மட்டும்தான். தொழில்நுட்பச் சேவை என்று 2 சதவீதம் பிடித்தால் 92,800 வரும். தொழில்முறை ஆலோசனை என்று 10 சதவீதம் பிடித்தால் 86,400 வரும். எந்தத் தலைப்பு என்பதைக் கோட்டேஷன் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். கட்டிய ஜிஎஸ்டியை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், எனவே அது அவருக்குச் செலவில்லை. காம்போசிஷன் முறையில் (சிறு வணிகருக்கான எளிய ஜிஎஸ்டி முறை) இருப்பவர் என்றால் எடுக்க முடியாது, அவருக்கு உங்கள் விலை உண்மையிலேயே 94,400-தான்.

பாதியை முன்பணமாகக் கேளுங்கள். தொகை சின்னதானாலும் பரவாயில்லை, இலவசமாக மட்டும் செய்யாதீர்கள். இலவச ட்ரையலுக்கு நோட்டு எழுத யாரும் மெனக்கெடமாட்டார்கள்.

நிதி உதவிக்கு இரண்டு வழி. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க வவுச்சர் திட்டத்தில் தொடக்கக் கட்டத்துக்கு 2 லட்சம் வரை, அடுத்த கட்டத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். மத்திய அரசின் எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டத்தில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரை உண்டு, அதற்கு அங்கீகாரம் பெற்ற கல்லூரி வழியாகப் போக வேண்டும். இரண்டும் வருஷம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. உத்யம் சான்றிதழ், பான், ஜிஎஸ்டி பதிவு, கடைசி மூன்று வருஷக் கணக்கு ஆகியவற்றை முன்கூட்டியே ஒரு கோப்பில் வைத்திருந்தால், அறிவிப்பு வந்த வாரமே போடலாம்.

8. ஒப்பந்தத்தில் விட்டுவிடக்கூடாதவை

எம்ஓயு என்பது வாழ்த்து மடல் மாதிரி. அதற்குமேல் பணி ஆணை வேண்டும்: என்ன வேலை, என்ன அறிக்கை, எந்தத் தேதி, எவ்வளவு பணம்.

காப்புரிமையை "இருவர் பெயரிலும்" என்று எளிதாக எழுதிவிடுவார்கள். காப்புரிமைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவைப் படித்துவிட்டு எழுதுங்கள். வேறு ஏற்பாடு எழுதப்படாவிட்டால், கூட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குச் சொல்லாமல் தானே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மற்றவர் சம்மதம் இல்லாமல் உரிமம் கொடுக்க முடியாது. பட்டறை தானே தயாரித்துச் சம்பாதிக்கும். தொழிற்சாலை இல்லாத கல்லூரிக்கு ஒரு பைசா வராது, வேறொருவருக்குக் கொடுக்கவும் வழியில்லை. ராயல்டியோ ஒருமுறைத் தொகையோ, ஒப்பந்தத்திலேயே எண்ணில் எழுதுங்கள்.

காப்புரிமைக் கட்டணம்: கல்வி நிறுவனம், சிறு நிறுவனம் இரண்டுக்கும் மின்வழி விண்ணப்பம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000. பரிசோதனைக் கோரிக்கை 4,000, பெரியவர்களுக்கு 20,000. சலுகைக்குப் படிவம் 28 வேண்டும், சிறு நிறுவனம் என்றால் உத்யம் சான்றிதழை இணைக்க வேண்டும். கூட்டு விண்ணப்பத்தில் ஒருவர் பெரிய நிறுவனமாக இருந்தால் சலுகை போய்விடும். ஏஜென்ட் கட்டணம் தனி, அதுதான் பெரிய செலவு.

கட்டுரை இதழில் வருவது, கருத்தரங்கில் பேசுவது, ஆய்வேட்டைச் சோத்கங்காவில் ஏற்றுவது எல்லாமே வெளியீடுதான். வெளியானதைப் புதிது என்று சொல்லிக் காப்புரிமை கேட்பது கடினம், அதனால் அதற்கு முன்பே தற்காலிக விவரக்குறிப்பையாவது (காப்புரிமைக்கான முதற்கட்ட விண்ணப்பம்) தாக்கல் செய்துவிடுங்கள், முழு விவரக்குறிப்புக்கு அதன்பின் 12 மாதம் அவகாசம் உண்டு. மாணவரின் வாய்மொழித் தேர்வு தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கோட்டைவிட்ட கண்டுபிடிப்புகள் பல. கட்டுரை வெளியிடும் முன் நிறுவனம் பார்ப்பதற்கு 30 நாள், பதில் வராவிட்டால் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் மாணவர் மாட்டிக்கொள்ளமாட்டார்.

தரவையும் பிரித்து எழுதுங்கள். உலோகக் கலவை, வாடிக்கையாளர் பெயர், விலை ஆகியவை வெளியே போகக்கூடாது. ரிஜெக்‌ஷன் சதவீதம், மணல் ஈரம் மாதிரியானவற்றைப் பெயர் நீக்கி ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் பெயர் நீக்கினால் மட்டும் போதாது. "மாதம் 400 டன், சின்னவேடம்பட்டி" என்று எழுதினாலே கோவைக்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். இடத்தை மாவட்டம் என்று மட்டும் போட்டு, டன்னை வரம்பாகக் கொடுங்கள்.

9. ஒரு பட்டறையிலிருந்து வட்டாரத்துக்கு

ஒரு நிறுவனத்தில் வேலை முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல், அதே நோட்டை அதே வகையில் ஐந்தாறு நிறுவனங்களுக்குக் கொண்டுபோங்கள். ஒரே கட்டம், ஒரே குறைப் பெயர், ஒரே அளவீட்டு முறை என்றால்தான் ஒப்பிட முடியும். குறைந்தது ஐந்து நிறுவனம் சேராமல் சராசரி எதையும் வெளியில் காட்டாதீர்கள். இரண்டே பேர் என்றால் ஒருவர் தன் எண்ணைக் கழித்து மற்றவர் எண்ணைக் கண்டுபிடித்துவிடுவார். அந்தச் சராசரி கையில் இருந்தால் சங்கத்தில் பொது மணல் சோதனை ஆய்வகம் கேட்கவும், மாவட்டத் தொழில் மையத்தில் திட்டம் போடவும் பலம் கிடைக்கும்.

நிர்வாகத்துக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கையில் எம்ஓயு எண்ணிக்கைக்குப் பதிலாக நான்கு எண்கள் வையுங்கள்: வந்த பணம், திரும்பி வந்த வாடிக்கையாளர், மிச்சமான யூனிட் மின்சாரம், அந்த நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த மாணவர். முதல் எண்ணை மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்ஐஆர்எஃப் படிவத்தில் கேட்பார்கள்: எத்தனை ஆலோசனைப் பணி, எத்தனை நிறுவனம், எவ்வளவு தொகை. பக்கத்துக் கல்லூரி என்ன காட்டியிருக்கிறது என்பதும் அவர்கள் சமர்ப்பித்த கோப்பில் இருக்கும், அதைக் கல்லூரி இணையதளத்திலேயே பார்க்கலாம். பயிற்சி வகுப்புக் கட்டணம் அதில் வேறு தலைப்பு. கலந்துவிட்டால் ஆய்வுக்கு வருபவரிடம் இன்வாய்ஸ் காட்ட முடியாமல் திணற வேண்டிவரும்.

லென்ஸ், உத்யம் பட்டியல், ரிஜெக்‌ஷன் தாள் எல்லாவற்றையும் தனிப்பட்ட மின்னஞ்சலில் வைக்காமல் துறையின் பொது மின்னஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொறுப்பு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கை மாறும். புதியவர் வந்து பாஸ்வேர்டு கேட்டு உங்களுக்கு போன் போடும்போது நீங்கள் வேறு கல்லூரியில் வகுப்பில் இருப்பீர்கள்.